இமோகாலி நாட்குறிப்பு: தக்காளி பறித்தவர்கள் எழுதிய விதிகள்

திங்கள், மாலை

ஃப்ளோரிடாவின் மயாமியில் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பினோம். ஐ-75 நெடுஞ்சாலை எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தை நேர்கோடாக வெட்டிக்கொண்டு மேற்கே போகிறது. 29ஆம் எண் சாலையில் வடக்கே திரும்பியதும் பூமா கடக்கும் இடம் என்று மஞ்சள் பலகைகள். அப்புறம் ஆரஞ்சுத் தோப்புகள், பிளாஸ்டிக் தாள் போர்த்திய நீள நீளமான தக்காளிப் பாத்திகள். அரை மணிக்கெல்லாம் இமோகாலி வந்துவிட்டது.

சின்ன ஊர். ஊருக்குப் பணம் அனுப்பித் தரும் கடைகள், தொர்த்தியா என்ற மெக்சிகோ ரொட்டி விற்கும் கடை, சம்பளக் காசோலையை வாங்கிக்கொண்டு ரொக்கம் தரும் கடை. சேவல்கள் தெருவில் இஷ்டத்துக்கு உலாவுகின்றன. மெக்சிகோ, குவாத்தமாலா, ஹெய்ட்டி நாட்டுக்காரர்கள்தான் அதிகம். இதே காலியர் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி), ஒரு மணி நேரக் கார் பயணத்தில் நேப்பிள்ஸ் இருக்கிறது. கடற்கரை மாளிகைகளும் கோல்ஃப் மைதானங்களுமாக, அமெரிக்காவின் பெரும் பணக்கார ஊர்களில் ஒன்று. அந்த ஊர்ப் பெயரில்தான் கவுண்டியே வெளியில் அறியப்படுகிறது.

கூட வந்திருப்பவள் என் தோழி. மயாமியில் செவிலியர், வளர்ந்தது இங்கே. அவள் அம்மா மெக்சிகோவின் ஒஹாக்காவிலிருந்து வந்து பல வருடம் தக்காளி பறித்தவர். இருவர் பெயரையும் எழுதப்போவதில்லை. அம்மாவுக்கு ஸ்பானிஷ் மட்டும், எனக்கு ஸ்பானிஷ் அரைகுறை. மகள்தான் நடுவில் இருந்து சொல்கிறாள்.

நான் வந்தது இமோகாலி தொழிலாளர் கூட்டமைப்பைப் பற்றித் தெரிந்துகொள்ள. 1993இல் இங்குள்ள ஒரு கத்தோலிக்கத் தேவாலயத்தின் அறையில் கூடத் தொடங்கிய சிறு குழு அது. ஓட்டு இல்லாத, பலரிடம் குடியேற்ற ஆவணங்களும் இல்லாத, ஆங்கிலம் பேசவராத மக்கள் மெக்டொனால்ட்ஸையும் வால்மார்ட்டையும் எப்படித் தங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வைத்தார்கள் என்று நேரில் கேட்க வேண்டும். இரவுச் சாப்பாட்டில் அம்மாவிடம் அதைச் சொன்னேன். “நாளைக்கு நாலு மணிக்கு எழுந்திரு மிஹா (மகளே), பார்க்கிங் லாட்டுக்குக் கூட்டிப்போகிறேன்” என்றார்.

செவ்வாய்

நாலரைக்கு அங்கே இருந்தோம். ஒரு மளிகைக் கடைக்கு முன்னால் இருக்கும் பெரிய பார்க்கிங் லாட். எதிரிலேயே கூட்டமைப்பின் அலுவலகம். பழைய பள்ளிப் பேருந்துகளுக்கு வேறு வண்ணம் அடித்து ஆளேற்றப் பயன்படுத்துகிறார்கள். தொப்பி, முழுக்கை சட்டை, கையில் சாப்பாட்டுப் பை. யாரும் அதிகம் பேசவில்லை.

முன்பெல்லாம் இங்கே ஆயிரக்கணக்கில் நிற்பார்களாம். கங்காணி வந்து, “நீ, நீ, நீ” என்று கைகாட்டுவான். கைகாட்டப்படாதவர் அன்றைக்குப் பட்டினி. ஏறியவருக்கும் உடனே வேலை கிடையாது. பனி ஈரத்தோடு தக்காளி பறிக்கக் கூடாது என்பதால், வயலில் இறங்கிய பிறகு வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது. விடியலுக்கு முன் எழுந்து, பத்து மணிக்குத்தான் முதல் வாளி நிரம்பும்.

வாளிக் கணக்கை அம்மா விரல்விட்டுச் சொன்னார். ஒரு வாளி 32 பவுண்டு, ஏறத்தாழ பதினாலரை கிலோ. பச்சைக் காயாகவே பறிக்க வேண்டும். பிறகு எத்திலீன் வாயு விட்டுப் பழுக்க வைப்பார்கள். வாளி நிறைந்ததும் தோளில் தூக்கிக்கொண்டு ஓடி, லாரி மேல் நிற்பவரிடம் எறிய வேண்டும். அவர் கொட்டிவிட்டு, காலி வாளியோடு ஒரு டோக்கனைத் திருப்பி எறிவார். டோக்கன்தான் கூலி. 40 சென்ட் கூலி இருந்த காலத்தில் 50 டாலர் பார்க்க 125 வாளி வேண்டும். அதாவது ஒரே நாளில் ஒரு ஆள் 4,000 பவுண்டு, கிட்டத்தட்ட 1,800 கிலோ தக்காளியைப் பறித்துச் சுமந்திருக்கிறார். நான் இதைத் தாளில் எழுதி இரண்டு தரம் பெருக்கிப் பார்த்தேன்.

இதிலும் ஒரு திருட்டு இருந்தது. வாளி விளிம்போடு நிரப்பினால் போதாது, மேலே கும்பாகக் குவிக்க வேண்டும். கொப்பெத்தெ என்பார்கள். குவிக்காவிட்டால் டோக்கன் கிடையாது. அந்தக் கும்புகளைச் சேர்த்தால் பத்து வாளிக்கு ஒரு வாளி கூலியில்லாமல் போய்க்கொண்டிருந்தது. கேள்வி கேட்டவருக்கு அடி விழும். அம்மா இதைச் சொல்லும்போது குரலை உயர்த்தவே இல்லை.

பகலில் அலுவலகத்துக்குப் போனோம். சுவரெல்லாம் ஊர்வலங்களில் தூக்கிய பதாகைகள், ஓவியங்கள். ஒரு மூலையில் 107.7 எஃப்.எம்., கூட்டமைப்பின் சொந்தச் சமூக வானொலி. 2003இலிருந்து ஒலிபரப்பாகிறது. குவாத்தமாலாவிலிருந்து வந்த பலருக்கு ஸ்பானிஷே இரண்டாம் மொழி. மாம், கஞ்சோபால் போன்ற மாயன் மொழிகளில்தான் வீட்டில் பேசுவார்கள். 2005இல் வில்மா புயல் வந்தபோது, அரசு எச்சரிக்கை எட்டாத டிரெய்லர் வீடுகளுக்கு இந்த வானொலிதான் அவரவர் மொழியில் தகவல் சொன்னது.

இங்கே எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1996இல் ஒரு பதின்பருவப் பையன், குவாத்தமாலாக்காரன், வேலைக்கு நடுவில் தண்ணீர் குடிக்கப் போனதற்காகக் கங்காணியிடம் அடிவாங்கினான். ரத்தம் தோய்ந்த சட்டையோடு கூட்டமைப்பின் வாசலுக்கு வந்தான். அன்றிரவே நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் அந்தச் சட்டையைத் தூக்கிக்கொண்டு கங்காணியின் வீட்டுக்கு ஊர்வலம் போனார்கள். “ஒருத்தனை அடித்தால் எங்கள் எல்லோரையும் அடித்த மாதிரி” என்பது அன்றைய கோஷம். மறுநாள் காலை இதே பார்க்கிங் லாட்டில் அந்தக் கங்காணியின் பேருந்து காலியாகத் திரும்பிப் போனது. கூலிக்காக விடியலுக்கு முன் வரிசையில் நிற்கும் ஆட்கள், ஒரு நாள் கூலியை விட்டுக்கொடுத்து அந்தப் பேருந்தில் ஏறாமல் நின்றிருக்கிறார்கள். அந்தச் சட்டையை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

அதற்கு முந்தைய வருடமே, கூலியைக் குறைக்கப் பார்த்தபோது ஊரே வேலைநிறுத்தம் செய்திருந்தது. 1997 டிசம்பரில் ஆறு பேர் 30 நாள் உண்ணாவிரதம் இருந்தார்கள். கேட்டது பண்ணை முதலாளிகள் உட்கார்ந்து பேச வேண்டும் என்பதை மட்டும். முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் வரைக்கும் தலையிட்டார். ஏன் பேச மாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டதற்கு ஒரு முதலாளி சொன்ன பதில் இங்கே எல்லோருக்கும் மனப்பாடம்: பண்ணையை எப்படி நடத்துவது என்று டிராக்டர் விவசாயிக்குச் சொல்லித்தராது. முப்பது நாள் சோறில்லாமல் கிடந்த மனிதர்களுக்கு இதுதான் பதில். படித்துப் பல மணி நேரமாகியும் எனக்கு ஆறவில்லை.

புதன்

காலையில் வயலோரமாகக் காரை நிறுத்திப் பார்த்தோம். வெளியாட்கள் உள்ளே போக முடியாது. பாத்திகளுக்கு நடுவே குனிந்த முதுகுகள், லாரியை நோக்கி ஓடும் வாளிகள். வேலை அதே வேலைதான். ஆனால் வரப்பில் ஒரு நிழற்கூடம் நிற்கிறது, பக்கத்தில் குடிதண்ணீர். “அது எங்கள் கூடாரம்” என்று அம்மா காரிலிருந்தபடியே விரலை நீட்டினார். வெயில் நேரத்தில் நிழல் வேண்டும் என்பதைப் பண்ணைகளுக்கான நடத்தை விதிகளில் எழுதவைத்தது பறிக்கிறவர்கள்தான். அவரும் அந்தக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறார்.

மாலை அலுவலகத்தில் வாரக் கூட்டம். மடக்கு நாற்காலிகள், ஓடித் திரியும் குழந்தைகள், தாமதமாக வந்த சிலரின் கையில் இன்னும் தக்காளிச் செடியின் பச்சைக் கறை. யாரும் மேடையில் நின்று பேசவில்லை. ஒரு படத்தைச் சுவரில் மாட்டி, என்ன தெரிகிறது என்று கேட்கிறார்கள். ஒருவர் சொல்கிறார், இன்னொருவர் மறுக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் சமமாகப் பேச முடிகிறது. லத்தீன் அமெரிக்காவிலும் ஹெய்ட்டியிலும் விவசாயிகள் இயக்கங்களில் பழகிய முறை இது. வரும்போது கூடவே கொண்டுவந்திருக்கிறார்கள்.

இன்றைய படம், ஒரு பிரமிடு. கீழே பறிக்கிறவர், மேலே கங்காணி, அதற்கும் மேலே பண்ணை, உச்சியில் பெரிய கடைகளும் உணவகச் சங்கிலிகளும். 2000 வாக்கில் இவர்கள் கண்டுபிடித்தது இதைத்தான். கங்காணியோடு சண்டை போட்டாலும் பண்ணையோடு சண்டை போட்டாலும் ஓரளவுக்கு மேல் நகரவில்லை. ஏனென்றால் பண்ணைக்காரரே விலையைத் தீர்மானிக்கவில்லை. லட்சக்கணக்கான பவுண்டு மொத்தமாக வாங்குகிறவன் விலையை அடித்து இறக்குகிறான்; பண்ணைக்காரர் அதைக் கூலியில் பிடிக்கிறார். ஆக, கேட்க வேண்டிய இடம் உச்சி.

எப்படிக் கேட்பது? சட்டம் இவர்களுக்குத் துணையில்லை. 1935இல் அமெரிக்கா தொழிற்சங்க உரிமைச் சட்டம் கொண்டுவந்தபோது விவசாயக் கூலிகளையும் வீட்டுவேலை செய்கிறவர்களையும் வெளியே விட்டுவிட்டது. அன்று தென்மாநில வயல்களில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்கள். அவர்களுக்குப் பூட்டிய கதவு பின்னால் வந்த லத்தீன் மக்களுக்கும் பூட்டியே இருந்தது. ஆனால் அதே சட்டத்தில் பிற்காலத்தில் இன்னொரு தடை சேர்ந்தது. சங்கங்கள் தங்கள் முதலாளியை விட்டுவிட்டு, அவரிடம் சரக்கு வாங்கும் நிறுவனத்தைப் புறக்கணிக்கச் சொல்லக் கூடாது என்ற தடை. சட்டத்துக்கே வெளியில் தள்ளப்பட்டவர்களை அந்தத் தடையும் கட்டுப்படுத்தவில்லை. இந்தப் போராட்டத்தில் என்னை மிகவும் கவர்ந்தது இதுதான். இவர்கள் தங்கள் கோரிக்கையை மனித உரிமை என்று வைத்ததற்கும் இதில் காரணம் இருக்கிறது. தொழிலாளி என்று சட்டம் ஏற்காவிட்டாலும் மனிதர் என்பதை யார் மறுப்பது?

2001இல் டாக்கோ பெல் என்ற துரித உணவகச் சங்கிலி மீது புறக்கணிப்பு. கோரிக்கை, பவுண்டுக்கு ஒரு சென்ட் கூடுதல், அது நேரே பறிக்கிறவருக்குப் போக வேண்டும். கேட்க அற்பமாகத் தெரியும். வாளிக்கு 32 பவுண்டு என்று இப்போது நமக்குத் தெரியும். அப்படியானால் வாளிக்கு 32 சென்ட், 45 சென்ட் வாங்கியவருக்கு 77. தொழிலாளர்கள் பேருந்தில் கலிஃபோர்னியாவின் அர்வைனில் இருந்த தலைமையகம் வரை போனார்கள். கல்லூரி மாணவர்கள் சேர்ந்துகொண்டு பல வளாகங்களிலிருந்து அந்தக் கடையையே வெளியேற்றினார்கள். 2005 மார்ச்சில் தாய் நிறுவனமான யம் பிராண்ட்ஸ் கையெழுத்திட்டது. பின்னால் 2007இல் மெக்டொனால்ட்ஸ், 2008இல் பர்கர் கிங், சப்வே, ஹோல் ஃபுட்ஸ். 2010 நவம்பரில் ஃப்ளோரிடாவின் பெரும்பாலான தக்காளிப் பண்ணைகளைச் சேர்த்த சங்கமே ஒப்புக்கொண்டது. 2014இல் வால்மார்ட் தானாக வந்து சேர்ந்தது.

இதைத்தான் ஃபேர் ஃபுட் திட்டம் என்கிறார்கள். சில்லறைக் கூடுதலைவிட முக்கியமானது அதன் விதிமுறை. வயலில் இறங்கிய நிமிடத்திலிருந்து நேரம் பதிவாக வேண்டும். வாளி விளிம்போடு போதும், கும்பு கிடையாது. வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடு, சக தொழிலாளர்கள் வந்து உரிமைகளைச் சொல்லித்தருவார்கள். 24 மணி நேரமும் புகார் எண் உண்டு. தனி ஆய்வுக் குழு சரசோட்டாவிலிருந்து வந்து பண்ணைகளைத் தணிக்கை செய்கிறது. பெண்ணிடம் வம்பு செய்த மேற்பார்வையாளரை வேலையை விட்டு அனுப்ப வேண்டும். கட்டாய உழைப்பு நடந்த பண்ணை திட்டத்திலிருந்து வெளியேற்றப்படும். திட்டத்தில் கையெழுத்திட்ட நிறுவனங்கள் அப்படி வெளியேற்றப்பட்ட பண்ணையிடம் ஒரு தக்காளிகூட வாங்கக் கூடாது. தண்டனை சந்தையில் விழுவதால்தான் விதி தாளில் தூங்கவில்லை.

பெண்கள் விஷயத்தை அம்மா கூட்டத்தில் பேசவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது மகளிடம் சொன்னார், அவள் எனக்குச் சொன்னாள். அந்தக் காலத்தில் எந்தக் கங்காணியின் குழுவில் எந்தப் பெண் தனியாகப் போகக் கூடாது என்று பெண்களுக்குள்ளேயே ஒரு கணக்கு ஓடும். யாரிடமும் புகார் செய்ய வழியில்லை, கணவனிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். இன்று கூட்டமைப்பில் பெண்களுக்கென்று தனிக் குழு இருக்கிறது. அவர்கள்தான் இந்தப் பகுதியை விதிகளில் விடாப்பிடியாக நிற்க வைத்தார்கள்.

வியாழன்

இன்று அதிகம் எழுத மனமில்லை, ஆனால் எழுதியே ஆக வேண்டிய நாள்.

அடிமைமுறை என்ற சொல்லை இங்கே யாரும் உவமையாகப் பயன்படுத்துவதில்லை. தெற்கு ஃப்ளோரிடாவில் மத்திய அரசு வழக்குத் தொடுத்து, நீதிமன்றத்தில் நிரூபணமான கொத்தடிமை வழக்குகள் வரிசையாக உள்ளன. 1997இல் நூற்றுக்கணக்கானவர்களைத் துப்பாக்கி முனையில் வேலை வாங்கிய இரண்டு கங்காணிகளுக்கு 15 ஆண்டு சிறை. அந்த வழக்கைக் கூட்டமைப்பு ஐந்து வருடம் துப்பறிந்து அரசிடம் கொண்டுபோயிருந்தது. 2007 நவம்பரில் இதே இமோகாலியில், ஒரு வீட்டின் பின்னால் நின்ற சரக்கு லாரிக்குள் பூட்டிவைக்கப்பட்டிருந்தவர்கள் காற்றுத் துவாரத்தை உடைத்துத் தப்பினார்கள். தோட்டக் குழாயில் குளிப்பதற்குக்கூட ஐந்து டாலர் கடன் எழுதப்பட்டது. அவர்களைப் பூட்டிவைத்திருந்த சகோதரர்கள் இருவருக்கும் அடுத்த ஆண்டு தலா 12 ஆண்டு தண்டனை. 2010இல் கூட்டமைப்பு அப்படிப்பட்ட ஒரு லாரியையே அருங்காட்சியகமாக்கி மாநிலமெங்கும் ஓட்டிச் சென்றது. நம் தட்டுக்கு வரும் தக்காளியின் கதையை மக்கள் அதற்குள் ஏறி நின்று பார்த்தார்கள்.

இந்த வழக்குகளில் சாட்சி சொல்ல வந்தவர்களை நினைத்துக்கொண்டே இருந்தேன். கையில் தாள் இல்லாத ஒருவர் போலீஸ் வாகனத்தைப் பார்த்தாலே ஒதுங்குவார். அவரை நீதிமன்றம் வரை நடத்திக் கூட்டிப்போனது பக்கத்து டிரெய்லரில் இருக்கும் இன்னொரு தொழிலாளி மேல் உள்ள நம்பிக்கை.

அந்த நம்பிக்கைக்கு இப்போது சோதனை. 2023 ஜூலை 1 முதல், ஃப்ளோரிடாவில் புதிய குடியேற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 25 பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்கள் புதிதாகச் சேரும் ஒவ்வொருவரின் தகுதியையும் மத்திய அரசின் மின்பதிவில் சரிபார்க்க வேண்டும். மெடிக்கெய்ட் என்ற அரசு மருத்துவ உதவித் திட்டத்தை ஏற்கும் மருத்துவமனைகள் நோயாளியின் குடியேற்ற நிலையைக் கேட்டாக வேண்டும். பதில் சொல்வது நோயாளியின் விருப்பம், ஆனால் கேள்வியே போதும். என் தோழி செவிலியர் என்பதால் இதை நெஞ்சில் கைவைத்துப் பேசுகிறாள். வலியைத் தாங்கிக்கொண்டு வீட்டிலேயே கிடப்பவர்களை அவளுக்குத் தெரியும். சட்டம் வந்தபிறகு மாநிலத்தை விட்டே போன குடும்பங்கள் உண்டு என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். புகார் எண்ணுக்கு அழைக்கிறவர் யார் என்று கேட்காமல் குறையைக் கேட்பதன் அருமை இப்படிப்பட்ட நேரத்தில்தான் முழுதாகத் தெரிகிறது.

வெள்ளி, பஹோக்கியிலிருந்து பாம் பீச்

காலையில் அம்மாவிடம் விடைபெற்றுக் கிழக்கே கிளம்பினோம். ஒக்கிசோபி ஏரியைச் சுற்றிக் கரும்புக் காடு. ஏரிக்கரையில் பஹோக்கி, வேலையும் கடைகளும் வற்றிப்போன சிற்றூர். 2023 மார்ச்சில் கூட்டமைப்பின் ஊர்வலம் இங்கிருந்துதான் தொடங்கியது. ஐந்து நாள் நடை.

ஏன் இந்த ஊர் என்பதற்குக் காரணம் உண்டு. இங்கிருந்த ஒரு முகாமில் கடவுச்சீட்டைப் பறிகொடுத்து, கடனில் மாட்டி, அடைபட்டிருந்த மெக்சிகோ தொழிலாளர்களில் இருவர் காரின் பின்பெட்டிக்குள் ஒளிந்து தப்பி வந்தார்கள். அவர்கள் எச்-2ஏ என்ற தற்காலிக விவசாய விசாவில் முறையாக வந்தவர்கள். அந்த விசா ஒரே முதலாளியோடு ஆளைக் கட்டிப்போடுகிறது. அவரை விட்டால் நாட்டில் இருக்கவே உரிமையில்லை. சட்டப்படி வந்தால் பிரச்சினையில்லை என்று பேசுகிறவர்கள் இந்த ஒரு வழக்கைப் படித்தால் போதும். ஆளெடுத்த ஒப்பந்தக்காரருக்கு 2022 டிசம்பரில் ஒன்பது ஆண்டுக்கு மேல் சிறைத்தண்டனை கிடைத்தது.

ஊர்வலம் போன திசையில் காரை ஓட்டினோம். கரும்பு முடிந்து, கிடங்குகள் வந்து, பாலம் தாண்டியதும் பாம் பீச் தீவு. ஆளுயர வேலிச்செடிகளுக்குப் பின்னால் வீடுகள் ஒளிந்திருக்கின்றன. அப்போது வெண்டீஸ் நிறுவனத் தலைவராக இருந்த நெல்சன் பெல்ட்ஸுக்கு இங்கே வீடு இருப்பதால்தான் ஊர்வலம் இங்கே முடிந்தது. பெரிய பர்கர் சங்கிலிகளில் வெண்டீஸ் மட்டும் இன்றுவரை ஒப்பந்தத்தில் சேரவில்லை. 2016இல் அதன் மீது புறக்கணிப்பு அறிவித்தார்கள்; 2018இல் அது பசுமைக்குடில் தக்காளிக்கு மாறுவதாகச் சொன்னது. பசுமைக்குடிலுக்குள் வேலை செய்கிறவருக்கும் மேற்பார்வையாளர் இருக்கிறார், கூலி இருக்கிறது, பயம் இருக்கிறது. கூரை போட்டால் உரிமை வந்துவிடாது. ஃப்ளோரிடாவின் சொந்த மளிகைச் சங்கிலியான பப்ளிக்ஸிடம் 2009 முதல் கேட்கிறார்கள். 2012இல் அதன் லேக்லாண்ட் தலைமையகத்துக்கு வெளியே ஆறு நாள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அடுத்த ஆண்டு ஃபோர்ட் மையர்ஸிலிருந்து லேக்லாண்ட் வரை இரண்டு வாரம் நடந்தே போனார்கள். இது தொழிலாளருக்கும் பண்ணைக்கும் இடையிலான தகராறு, நாங்கள் வாங்குபவர் மட்டுமே என்பது அந்த நிறுவனத்தின் நிலை. புதன் மாலை பார்த்த அந்தப் பிரமிடுப் படத்தை அவர்களுக்கு அனுப்பலாம்.

அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்களுக்கு ஒரு தகவல். இந்தத் திட்டத்தில் வந்த தக்காளிக்குப் பச்சை நிற ஃபேர் ஃபுட் முத்திரை உண்டு, வாளி சுமக்கும் பெண்ணின் படத்தோடு. உங்கள் கடையில் இல்லையென்றால் மேலாளரிடம் கொடுப்பதற்கான கடிதத்தைக் கூட்டமைப்பே தயாரித்து வைத்திருக்கிறது. அச்செடுத்துக் கொடுத்தால் போதும். என் பையில் ஒரு கட்டு இருக்கிறது. நாளை நான் காய்கறி வாங்கும் கடையில் முதல் கடிதம். அடுத்த ஊர்வலத்தை எப்போது அறிவித்தாலும் நடக்க வருவதாகத் தோழியும் நானும் அலுவலகத்தில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டோம். அம்மா எங்களுக்கு முன்னாலேயே கொடுத்திருந்தார்.